நெடுந்தூர சைக்கிளில் கால் ஏன் ஓய்கிறது: லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்புகிறீர்கள், எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. திரும்பும்போது கோவளம் தாண்டுவதற்குள் இரண்டு தொடையும் கனத்துப்போகிறது, கியரை எவ்வளவு இறக்கினாலும் கால் வரமாட்டேன் என்கிறது. மறுநாள் மாடிப்படி ஏறுவதும் கஷ்டம். கூட வருகிறவர்கள் "லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, நிறையத் தண்ணீர் குடி, கரைந்துவிடும்" என்கிறார்கள். அது சரியா, இல்லையென்றால் வேறு என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. உங்கள் கதையில் லாக்டிக் அமிலத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லலாம். கால் சோர்வு என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் நாலைந்து தனித்தனிக் கோளாறுகள். மலைச்சாலையில் மூன்றாவது நிமிடத்தில் தொடை எரிவது ஒன்று, மூன்றாவது மணி நேரத்தில் கால் காலியாகிப் போவது வேறொன்று, திங்கட்கிழமை காலையில் படியில் கால் தளர்வது இன்னொன்று. எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ள, சோர்வு எப்படி இருந்தது என்பதைவிட எப்போது வந்தது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாக்டிக் அமிலப் பழி நூறு வருடத்துக்கும் பழையது. 1907-இல் கேம்பிரிட்ஜில் ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் கால் தசையை உடலிலிருந்து வெட்டி எடுத்து, மின்சாரம் கொடுத்துத் துடிக்கவிட்டு, அது ஓய்ந்த பிறகு பார்த்தார்கள். உள்ளே லாக்டிக் அமிலம் நிறைய இருந்தது. ஆக்ஸிஜன் கொடுத்ததும் அது மறைந்தது. அடுத்து ஏ. வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் வாங்கினார்கள். ஓய்ந்த தசையில் லாக்டிக் அமிலம் இருக்கிறது, ஆகவே ஓய வைத்தது அதுதான் என்று பாடப்புத்தகம் முடிவு கட்டிவிட்டது. அந்தத் தவளைத் தசைக்கு ரத்த ஓட்டமே கிடையாது என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிருள்ள காலில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, உண்டாவதை அது உடனுக்குடன் வெளியே கொண்டுபோகிறது.

அதோடு, நம் உடலில் இருக்கும் அமிலத்தன்மையில் லாக்டிக் அமிலம் அமிலமாக நிற்பதே இல்லை. லாக்டேட் ஒரு பக்கம், அமிலத்தன்மை தருகிற ஹைட்ரஜன் அயனி ஒரு பக்கம் என்று பிரிந்துதான் கிடக்கும். லாக்டேட் நல்ல எரிபொருள். ஒரு தசை நார் வெளியே விடுவதைப் பக்கத்து நார் வாங்கி எரிக்கும், இதயம் ஆசையாக எரிக்கும், கல்லீரல் அதைத் திரும்பவும் குளுக்கோஸாக்கிக் கொடுக்கும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்தே இதைச் சொல்லி வருகிறார். ரத்தத்தில் ஓய்வு நேரத்தில் லிட்டருக்குச் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும். முழுமூச்சாக ஒரு நிமிடம் மிதித்தால் 15, 20 வரை ஏறும். ஆனால் உங்களைப் போல நாலு மணி நேரம் பேசிக்கொண்டே மிதிப்பவருக்கு அது 1, 2-ஐத் தாண்டுவதே அபூர்வம். அப்படியே ஏறினாலும் இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். திங்கட்கிழமைச் சோர்வுக்கு அதைக் குற்றம் சொல்வது, ஊரிலேயே இல்லாதவன் மேல் திருட்டுப் பட்டம் கட்டுகிற கதை.

அப்படியானால் ஏற்றத்தில் தொடை எரிகிறதே, அது என்ன என்று கேட்பீர்கள். இதற்கு எனக்குப் பிடித்த ஒரு சோதனை 2014-இல் அமெரிக்காவில் நடந்தது. கட்டைவிரலின் அடிச்சதையில் ஊசி போட்டு, கடும் உழைப்பின்போது தசையில் சேரும் பொருள்களை உள்ளே செலுத்தினார்கள். லாக்டேட் மட்டும் கொடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. அமிலத்தன்மை மட்டும், ஏடிபி (தசை ஆற்றலுக்காகச் செலவு செய்யும் மூலக்கூறு) மட்டும் கொடுத்தபோதும் அப்படியே. மூன்றையும் சேர்த்துக் கொடுத்ததும், சும்மா கிடந்த கட்டைவிரல் களைத்துவிட்டதாக ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தோன்றியது. அளவைக் கூட்டியதும் கடுப்பும் வலியும் வந்தன. ஆக, எரிச்சல் என்பது நரம்பு ஒரு கூட்டத்தையே பார்த்து அடிக்கும் எச்சரிக்கை மணி. மணி அடிப்பதும் தசை பலம் இழப்பதும் ஒன்றல்ல.

பலம் எப்படிக் குறைகிறது என்று புரிய, தசை எப்படிச் சுருங்குகிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நரம்பின் உத்தரவு வந்ததும் தசை நாருக்குள் இருக்கும் ஒரு பையிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. கால்சியம் வந்தால்தான் மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்க முடியும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஏடிபி செலவு. கையிருப்பில் இருக்கும் ஏடிபி சில விநாடிகளுக்குத்தான் தாங்கும். அதனால் உடம்பு பாஸ்போகிரியேட்டின் என்ற அவசரக் கையிருப்பை உடைத்து ஏடிபியை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. அதை உடைக்கும்போது மிஞ்சுவது பாஸ்பேட். கடினமான உழைப்பில் இந்தப் பாஸ்பேட் வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. மயோசினின் பிடியை அது தளர்த்துகிறது, கால்சியம் இருக்கும் பைக்குள்ளேயே புகுந்து கால்சியத்தோடு ஒட்டிப் படிந்தும் விடுகிறது. உத்தரவு வந்தாலும் கொட்டுவதற்குக் கால்சியம் குறைவு. பாஸ்போகிரியேட்டினை உடைக்கும் நொதியே இல்லாமல் பிறக்க வைத்த சுண்டெலிகளின் தசையைச் சோதித்தபோது, அவை சாதாரண எலித் தசையைப் போலச் சீக்கிரம் தளரவில்லை. பாஸ்பேட் மேல் சந்தேகம் வலுத்தது இப்படித்தான். ஹைட்ரஜன் அயனிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, முன்பு நினைத்த அளவுக்கு இல்லை. தசைக்கு வெளியே பொட்டாசியம் சேர்ந்து மின் உத்தரவை மழுக்குவதும் உண்டு.

இந்த வகைச் சோர்வின் அடையாளம், நின்றால் சீக்கிரம் போய்விடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஐந்தாவது வளைவில் செத்தோம் என்று இறங்கி நிற்போம், இரண்டு மூன்று நிமிடத்தில் கால் திரும்ப வந்துவிடும், ஏறி உட்கார்ந்து மிதித்தால் அடுத்த வளைவு வரை போகும். பாஸ்போகிரியேட்டின் பாதி நிரம்ப அரை நிமிடம் போதும், சில நிமிடங்களில் ஏறக்குறைய முழுதும் நிரம்பிவிடும், பாஸ்பேட்டும் கூடவே இறங்கிவிடும். நீங்கள் கோவளத்தில் நின்று டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலும் கால் திரும்பவில்லை என்றால், உங்கள் பிரச்சினை இது இல்லை.

ஆனால் அதற்கான விதை போகும்போதே போடப்பட்டிருக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு உண்டு. அதற்குக் கீழே மிதித்தால் தசையின் உள்நிலை ஓரளவு சீராக நிற்கும், மேலே போனால் பாஸ்பேட்டும் மற்றதும் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். கோட்டுக்கு மேலே செலவு செய்ய ஒரு சிறு கையிருப்புதான் இருக்கிறது, கீழே இறங்கினால்தான் அது மெல்ல நிரம்பும். காலையில் கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரைப் பிடிக்க ஒரு பாய்ச்சல், பாலத்தில் ஒரு பாய்ச்சல், சிக்னல் விழுந்ததும் ஒரு பாய்ச்சல் என்று இந்தக் கையிருப்பைத் திரும்பத் திரும்ப உடைக்கிறோம். அப்போது ஒன்றும் தெரியாது, காற்று ஜில்லென்று இருக்கும், பேச்சும் சுவாரசியமாக இருக்கும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் வேகநார்கள், அதாவது பெரிய விசை தந்து சீக்கிரம் களைக்கும் தசை நார்கள், வேலைக்கு இழுக்கப்படுகின்றன, அவை சர்க்கரையைத் தாராளமாகச் செலவு செய்கிறவை. இரண்டு மணி நேர மிதிப்புக்குப் பிறகு அந்தக் கோடே கீழே இறங்கிவிடுகிறது என்பது இன்னொரு சங்கதி. காலையில் சுலபமாக இருந்த அதே வேகம் திரும்பும்போது கோட்டுக்கு மேலே போய்விடும்.

கியர் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 150 வாட் சக்தியை நிமிடத்துக்கு 90 சுற்று என்று மிதித்துக் கொடுத்தால், 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டு) பெடல் மேல் விழும் சராசரி விசை ஒன்பதரைக் கிலோ எடை அளவு. அதே 150 வாட்டை 60 சுற்றில் கொடுத்தால் 14 கிலோவுக்கு மேல். வேகம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மிதியும் ஒன்றரை மடங்கு கனம். நரம்பு மண்டலம் எப்போதும் சின்ன, மெதுவான, களைக்காத நார்களை முதலில் கூப்பிடும். விசை போதவில்லை என்றால்தான் பெரிய வேகநார்களைக் கூப்பிடும். கனமான கியரில் மெதுவாக மிதிக்கிறவருக்கு வேகநார்களின் சர்க்கரை சீக்கிரம் கரைவதைத் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தே காட்டியிருக்கிறார்கள். விசை அதிகமானால் சுருங்கிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கவும் செய்யும். வேகச் சுற்றுக்கு விலை மூச்சிலும் இதயத் துடிப்பிலும் போகும், அது உண்மை. ஆனால் நாலு மணி நேர சவாரியில் மூச்சு திரும்ப வரும், தொடை திரும்ப வராது. நம் ஊரில் நிறையப் பேர் பெரிய கியரில் மிதிப்பதை ஒரு வீரமாகவே வைத்திருக்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மணிக்கணக்கில் மிதிக்கும்போது கால் ஓய்வதற்கு மிகப் பெரிய காரணம் கிளைகோஜன் தீர்வது. தசை சர்க்கரையைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. 1960களில் ஸ்டாக்ஹோமில் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரம், எரிக் ஹல்ட்மன் என்று இரண்டு மருத்துவர்கள், தசைக்குள் விட்டுத் துணுக்கு எடுக்கும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் மேலேயே சோதனை செய்துகொண்டார்கள். ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஒருவர் இடது காலால் மட்டும், இன்னொருவர் வலது காலால் மட்டும், இனி முடியாது என்கிற வரை மிதித்தார்கள். மற்ற கால் சும்மா இருந்தது. பிறகு இரண்டு தொடையிலிருந்தும் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் கிட்டத்தட்டப் பூஜ்யம். சும்மா இருந்த காலில் வைத்தது வைத்தபடி. அதற்குப் பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுத்தார்கள். காலியான கால் நிரம்பியதோடு நிற்கவில்லை, சும்மா இருந்த காலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்த்து வைத்திருந்தது. 1966-இல் நேச்சர் இதழில் வெளியானது. போட்டிக்கு முந்தைய நாள்களில் வீரர்கள் சோறும் பாஸ்தாவுமாக அடித்து நிரப்பும் வழக்கம் இந்த வழியில் வந்ததுதான்.

அந்தச் சோதனையில் நீங்கள் கவனிக்க வேண்டியது சும்மா இருந்த கால். ஓர் அங்குலம் தள்ளி, அதே உடம்பில், நிறையச் சர்க்கரை இருந்தும் களைத்த காலுக்கு அது போய்ச் சேரவில்லை. தசைக்குள் போன குளுக்கோஸைத் திரும்ப ரத்தத்தில் விடுவதற்கு வேண்டிய நொதி தசையில் கிடையாது, கல்லீரலுக்குத்தான் உண்டு. அதனால் உங்கள் கைகளிலும் தோளிலும் முதுகிலும் இருக்கும் கிளைகோஜன் தொடைக்கு எந்த உதவியும் செய்யாது. உடம்பின் எல்லாத் தசைகளையும் சேர்த்தால் 400, 500 கிராம் இருக்கும், கல்லீரலில் 100 கிராமுக்குள். ஆனால் சைக்கிளில் வேலை பெரும்பாலும் முன்தொடைக்கும் புட்டத் தசைக்கும்தான், அவற்றின் பங்கு மட்டும்தான் கணக்கில் வரும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மணி நேரம், சராசரி 150 வாட் என்று வைத்துக்கொண்டால் பெடலில் செய்த வேலை 2,160 கிலோஜூல். மனிதத் தசையின் திறன் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட என்பதால், செலவான கலோரியும் ஏறக்குறைய அதே எண்ணாக வரும், சுமார் 2,200 கிலோ கலோரி. மிதமான வேகத்தில் இதில் பாதியைக் கொழுப்பு கொடுத்தாலும் மீதி 1,100 கிலோ கலோரி, அதாவது 275 கிராம் மாவுச்சத்து, வேறெங்கிருந்தோ வர வேண்டும். ஆரம்பத்தில் பாய்ந்திருந்தால் இன்னும் அதிகம். காலையில் ஒரு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பி, வழியில் ஒரு வாழைப்பழத்தோடு முடித்துக்கொள்கிறீர்கள் என்றால் கோவளத்தில் கால் நின்றுபோவதில் ஆச்சரியமே இல்லை.

கிளைகோஜன் தீர்ந்தாலும் கொழுப்பு இருக்கிறதே, ஒல்லியான ஆளிடம்கூட நாள்கணக்கில் மிதிக்கப் போதுமான கொழுப்பு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் கொழுப்பை எரித்து ஏடிபி எடுக்கும் வேகம் குறைவு. வேகத்தைக் குறைத்தால் மட்டும் அது ஈடுகொடுக்கும். அதோடு, இழைகளுக்கு நடுவிலேயே இருக்கும் கிளைகோஜன் துகள்கள் தீரும்போது அந்தக் கால்சியப் பை சரியாகத் திறப்பதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. ஆக, பெட்ரோல் தீர்ந்தது என்பதோடு கதை முடியவில்லை, சாவியும் வேலை செய்யாமல் போகிறது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது. கல்லீரலின் இருப்பு தீர்ந்தால் அது நடக்கும். கால் மட்டும் ஓயாது, ஆளே ஓய்ந்துவிடுவார்: கை நடுங்கும், வியர்வை குளிரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், எதிரே வரும் வண்டியின் தூரம் பிடிபடாது. சாலையில் இது ஆபத்து. 1986-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை ஒரே வேகத்தில் மிதிக்கவிட்டார்கள். மாவுச்சத்து இல்லாத, சுவையூட்டிய நீரைக் குடித்தவர்கள் சுமார் 3 மணி நேரத்தில் ஓய்ந்தார்கள், அதே ஆட்கள் மாவுச்சத்துக் கரைசல் குடித்தபோது 4 மணி நேரம் போனார்கள். தசைக் கிளைகோஜன் இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் குறைந்தது. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் முழுதும் ரத்தத்தில் வந்த சர்க்கரையை வைத்து ஓட்டியது.

மணிக்கு 30 முதல் 60 கிராம் என்பது பொதுவான அளவு. குடல் குளுக்கோஸை ஒரு வாசல் வழியாகவும் ஃப்ரக்டோஸை வேறொரு வாசல் வழியாகவும் எடுக்கிறது. இரண்டும் கலந்து சாப்பிட்டுப் பழகியவர்களால் 90 கிராம் வரை போக முடியும். இதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஜெல் பாக்கெட் வாங்க வேண்டும் என்றில்லை, வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ்தான். அரை லிட்டர் பாட்டிலில் 30 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூடுதலாக உப்பு, அரை எலுமிச்சை: இதை மணிக்கு ஒன்று என்று முதல் மணி நேரத்திலிருந்தே குடியுங்கள், பேரீச்சையோ வாழைப்பழமோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், மெல்லத்தான் செரிக்கும். சவாரி முடிந்த பிறகு சாப்பிடலாம். இளநீர் குளிர்ச்சியாக இருக்கும், பொட்டாசியம் நிறைய, ஆனால் வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம், அது இளநீரில் குறைவு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் இந்தக் கணக்கை மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் போட வேண்டும்.

அடுத்தது வெயில். தசையின் திறன் கால்வாசிதான் என்றேன். 150 வாட் பெடலுக்குப் போனால் 450, 500 வாட் வெப்பமாக உடம்புக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்ற ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும். வியர்த்து ரத்தத்தின் அளவு குறையக் குறைய இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். அதே வேகத்தில் போனாலும் திரும்பும் வழியில் இதயத் துடிப்பு 15, 20 கூடியிருப்பதைக் கைக்கடிகாரத்தில் பார்த்திருப்பீர்கள். 1999-இல் வெளியான ஒரு சோதனையில் 40 டிகிரி வெப்பத்தில் வீரர்களை மிதிக்க வைத்தார்கள். முன்கூட்டியே உடம்பைக் குளிர்வித்தவர்கள் 63 நிமிடம், சாதாரணமாக வந்தவர்கள் 46, சூடேற்றிக்கொண்டு வந்தவர்கள் 28 நிமிடம் தாங்கினார்கள். ஆனால் மூன்று தடவையும் நிறுத்தியது உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியை எட்டியபோதுதான். சென்னையில் கூடுதல் தொல்லை ஈரப்பதம். வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி, சொட்டிப் போவது வீண். ஐந்து மணிக்குக் கிளம்புவதற்கும் ஆறரைக்குக் கிளம்புவதற்கும் நடுவே எட்டு மணிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியும்.

தண்ணீர் நிறையக் குடி என்ற அறிவுரையும் பாதிதான் சரி. தாகத்துக்குக் குடிப்பது வேறு, கழுவி விடுவதாக நினைத்து வெறும் நீரை லிட்டர் லிட்டராக ஊற்றுவது வேறு. 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் ரத்தம் கொடுத்த 488 பேரைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது, அதிகம் குடித்து எடை கூடியவர்களுக்குத்தான் முக்கியமாக அந்த நிலை. கிளம்பும்போதும் வந்ததும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கால். மூளையை விட்டுவிட்டுக் கால் சோர்வைப் பேச முடியாது. மார்க்கஸ் அமன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட சோதனை கொஞ்சம் பயங்கரமானது. பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களின் கீழ்முதுகில் ஃபென்டனில் என்ற வலிமையான வலிநீக்கி மருந்தை ஊசியாகப் போட்டுக் காலிலிருந்து மேலே போகும் புகார்களை மட்டும் மறைத்தார்கள். கால்களின் பலம் குறையவில்லை. 5 கிலோமீட்டர் தூரத்தை முடிந்தவரை வேகமாக மிதித்து முடிக்கச் சொன்னதும் முதல் பாதியில் வழக்கத்தைவிட வேகமாகப் போனார்கள். இரண்டாம் பாதியில் அப்படியே சரிந்தார்கள். மொத்த நேரத்தில் லாபம் ஒன்றும் இல்லை, தொடைத் தசை மட்டும் வழக்கத்தைவிட மோசமாகக் களைத்திருந்தது, சிலருக்கு இறங்கி நடக்கவே சிரமம். "கால்களே, வாயை மூடுங்கள்" என்பது ஜெர்மானிய வீரர் யென்ஸ் ஃபோய்க்ட்டின் புகழ்பெற்ற வசனம். கால்கள் நிஜமாகவே வாயை மூடினால் என்ன ஆகும் என்று இந்தச் சோதனை காட்டிவிட்டது.

மூளை எவ்வளவு சுலபத்தில் ஏமாறும் என்பதற்கும் சான்று உண்டு. மாவுச்சத்துக் கரைசலை ஐந்து விநாடி வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு மிதித்தவர்கள், ஒரு மணி நேரப் பந்தயத்தில் 3 சதவீதம் அளவுக்கு வேகமாக முடித்தார்கள். உள்ளே ஒரு துளியும் போகவில்லை. சாப்பாடு வருகிறது என்ற செய்தியே மூளைக்குப் போதுமாக இருந்தது. மறுபக்கம், 90 நிமிடம் சலிப்பான கணினி வேலை பார்த்துவிட்டு மிதித்தவர்கள் சராசரி 754 விநாடிக்குப் பதில் 640 விநாடியில் விட்டுவிட்டார்கள். இதயத்திலோ தசையிலோ எந்த வித்தியாசமும் இல்லை, கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது. சனிக்கிழமை இரவு ஒரு மணி வரை அலுவலக வேலை பார்த்துவிட்டு ஞாயிறு காலை ஏன் கால் வரவில்லை என்று யோசிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

இனி திங்கட்கிழமை மாடிப்படி. இரண்டு விதமாக இருக்கலாம். படி இறங்கும்போது தொடை வலிக்கிறது, அழுத்தினாலும் வலிக்கிறது என்றால் அது தசை இழைகளில் நுண்ணிய சேதம், ஒரு நாள் கழித்து ஆரம்பித்து இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலையில்தான் அது அதிகம் வரும், மலையிறக்கத்தில் ஓடுவது போல. சைக்கிளில் தசை சுருங்கி மட்டுமே தள்ளுகிறது, அதனால் பழகியவருக்கு இந்த வலி குறைவு. நீங்கள் சொல்வது ஏறும்போது கனம், வலி இல்லை. அது பெரும்பாலும் கால்சியம் சரியாகக் கொட்டாத மிச்சச் சோர்வு. மின்தூண்டலில் சோதித்தால் வேகமான துடிப்புக்குத் தசை முழுப் பலம் காட்டும், மெதுவான துடிப்புக்குத்தான் பலவீனமாகப் பதில் சொல்லும்; அன்றாட நடை, படி எல்லாம் மெதுவான துடிப்பில் நடப்பவை என்பதால் நமக்குக் கால் கனமாகத் தெரிகிறது. 1977-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு நாளில் தானாகப் போகும். கிளைகோஜன் முழுதும் நிரம்பவும் நல்ல சாப்பாட்டோடு ஒரு நாள் ஆகும், முதல் சில மணி நேரத்தில் வேகமாக நிரம்பும், ஆகவே வந்ததும் குளித்துவிட்டுத் தூங்கிப் போகாமல் சோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மசாஜ் சுகமாக இருக்கும், எதையும் கழுவி வெளியேற்றாது.

அடுத்த ஞாயிறு என்ன மாற்ற வேண்டும் என்றால், முதல் ஒரு மணி நேரம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போங்கள், கூட்டம் முன்னால் போனால் போகட்டும். முந்தைய இரவு சோறோ இடியாப்பமோ வயிறாரச் சாப்பிடுங்கள், கிளம்பும் முன் இரண்டு மூன்று இட்லி. பசிக்கும் முன்பே சாப்பிட ஆரம்பியுங்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று வருகிற கியரில் இருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். சீட் உயரத்தையும் பாருங்கள்: பெடல் மிகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் நேராக இருக்க வேண்டும், அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடிப்பு வரும். சீட் தாழ்வாக இருந்தால் முன்தொடையும் முழங்காலும் வீணாக அடிவாங்கும்.

இவை எதிலும் சேராத சோர்வும் உண்டு. ஒரு பக்கக் கால் மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு உழைப்பில் மரத்து, நின்றதும் சரியாகிறது என்றால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். நெடுநாள் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இடுப்புத் தமனி தடித்துப்போவதும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழக்கமில்லாமல் கடுமையாக மிதித்த பிறகு தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், முதல் நாள் ஜிம் சைக்கிள் வகுப்பிலேயே இப்படி ஆனவர்கள் இருக்கிறார்கள். கொழுப்பு குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் சிலருக்குத் தசை வலி தரும். முன்பு சுலபமாகப் போன தூரம் சில மாதமாகப் போக முடியவில்லை, படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்றால், குறிப்பாகப் பெண்களாக இருந்தால், ஹீமோகுளோபினும் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிட்டு அப்புறம் கியரையும் இட்லியையும் பற்றி யோசிக்கலாம்.